ஜைத்தூன் மறுக்காமல் கேட்ட ஒரு பாடம்

செய்தி வந்தபோது நான் போனைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் யாரும் இல்லை. நம் வாசிப்பு வட்டத்துக்கு வாராவாரம் அனுப்பும் ஒலிப்பதிவுக்காக, அந்த வாரம் படித்த புத்தகத்தைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிலில் நிலைப்பவர்கள் எந்த முடிவையும் தள்ளிப்போடுவதில்லை என்று சொல்லும் புத்தகம் அது. ஒரு வாக்கியத்தின் பாதியில் திரையின் மேல் ஓரத்தில் ஜைத்தூனின் மகள் ஹசீனாவின் பெயர் தோன்றியது. "உம்மா மௌத்தாயிட்டாக ஆன்ட்டி. அஸருக்கு அடக்கம்." ஜைத்தூன் இறந்துவிட்டார், பிற்பகல் தொழுகை நேரத்தில் அடக்கம், அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பதிவு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னொரு நாள் அதைக் கேட்டேன். என் குரல் நின்றுபோகிறது, மின்விசிறிச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்கிறது, அதற்குப் பிறகு என் கணவர் சமையலறையிலிருந்து "கலா, என்னாச்சு?" என்று கேட்கிறார்.

ஜைத்தூனை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியபட்டினத்தில் தன் வீட்டு மாடியில் தையல் மெஷின்களைப் போட்டு, ஊர்ப் பெண்கள் சிலரை வைத்துக்கொண்டு அபாயா அங்கிகள் தைத்து விற்றவர். கணவர் சாகுல் அபுதாபியில் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறார். மகள் ஹசீனா கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஆர்டர்களைக் கவனித்துக்கொண்டாள். நம் வட்டத்தில் அவர் எங்கே உட்கார்ந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தன்முன்னேற்றப் புத்தகங்களையும் வியாபாரப் புத்தகங்களையும் ஆங்கிலத்தில் படித்து உங்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. நான் சொன்னதை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகங்களோடு சண்டை போடுவது அவர் வேலையாக இருந்தது.

அவர் முதன்முதலாக வந்தது புத்தகத்துக்காக அல்ல. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் நாம் கூடும் ஜவுளிக்கடை மாடிக்கு, நம் உறுப்பினர் ஒருவருக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க வந்தார். கூட்டம் முடியட்டும் என்று கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நான் அதிகாலையில் எழுவதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகம் விழிப்பதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் நமக்கே நமக்கானது, அதை யாரும் பறிக்க முடியாது என்று சொல்லி முடித்ததும், பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க."

"நாங்க சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கிற ஆளுக. வெள்ளென எந்திரிக்கிறது எங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா நான் லைட்டப் போட்டா மாமியா முழிச்சிருவாக. முழிச்சா டீத்தண்ணி கேப்பாக. டீத்தண்ணி வாசத்துக்குப் புள்ளைக எந்திரிச்சிரும். அந்த ஒரு மணி நேரம் அங்கனயே போயிரும். இதை எழுதுனவரு வெள்ளென எந்திரிச்சா, அவரு வீட்ல இருக்கவுக எல்லாம் என்ன செய்வாக?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். புத்தகத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை என்றேன்.

"அப்ப அடுத்த வாரமும் வாரேன். அடுத்த புத்தகத்துலயாவது இருக்கான்னு பாப்போம்" என்றார்.

அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பெரியபட்டினத்திலிருந்து பஸ் பிடித்து, ராமநாதபுரத்தில் துணிக்கடைகளில் அலைந்து வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, கூட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக மாடி ஏறி வருவார். அப்போதெல்லாம் அந்தப் படிகளை விறுவிறுவென்று ஏறியவர்தான்.

அவர் ஒரு பாடத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. திருப்புல்லாணியிலிருந்து மாரியம்மாள் என்று ஒருவர் அவரிடம் தைக்க வந்துகொண்டிருந்தார். கை மிக மெதுவு. மற்றவர்கள் ஓர் அங்கியை முடிப்பதற்குள் அவர் கைப்பகுதி ஒன்றைத்தான் தைத்து முடித்திருப்பார். பொருத்தமில்லாத ஆளைத் தயங்காமல் விலக்குகிறவரே நல்ல முதலாளி என்று ஒரு புத்தகத்திலிருந்து நான் சொன்ன வாரம், கூட்டம் முடிந்ததும் ஜைத்தூன் என்னைப் பிடித்துக்கொண்டு மாரியம்மாளைப் பற்றிச் சொன்னார். அனுப்பிவிடுங்கள் என்றேன். புத்தகமே கையில் இருக்கும்போது எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

மறுமாதம் நான் அவர் வீட்டு மாடிக்குப் போனபோது மாரியம்மாள் அங்கேதான் இருந்தார். மெஷினில் அல்ல, ஜன்னலோரம் ஒரு நாற்காலியில், காதில் போனோடு. "அப்படியாம்மா, கை நீளமாப் போச்சா? ஐயையோ, கட்டாயம் மாத்தித் தாரோம் தாயி. சாப்பிட்டீகளா?" என்று யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். சண்டைக்கென்று போன் போடுகிறவர்களையெல்லாம் ஜைத்தூன் மாரியம்மாளிடம் திருப்பிவிட்டிருந்தார்.

"இவுக குரலக் கேட்டுட்டு எவளும் கோவப்பட முடியாதுக்கா. போன மாசம் திருப்பி அனுப்புறேன்னு சொன்ன பொம்பள, பேசி முடிக்கையில இன்னொண்ணு கேட்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உங்க புத்தகத்துக்காரரு ஆளு சரியில்லன்னாரு. அவரு சொன்னதுல பாதி சரி. ஆளு உக்காந்த இடம்தான் சரியில்ல."

அந்த வாக்கியத்தை அடுத்த கூட்டத்தில் என்னுடையதைப் போல நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபிக்கவில்லை. யார் சொன்னால் என்ன என்பதுபோல் தலையாட்டினார்.

சாகுல் விடுமுறையில் வந்திருந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். வீட்டில் மெஷின் சத்தமும் பெண்கள் கூட்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் சம்பாதிப்பது போதாதா, இதை மூடிவிடு என்றிருக்கிறார். எதிராளியின் தேவையை முதலில் கேட்டறிய வேண்டும் என்று பேரம் பேசுவது பற்றிய ஒரு புத்தகத்திலிருந்து நான் சொல்லியிருந்தேன். ஜைத்தூன் அதைக் கணவரிடம் பரீட்சித்துப் பார்த்தார். "மூடுறேன் மச்சான். மூடிட்டா உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். சாகுல், "பகல்ல கொஞ்சம் உன்னோட பேசிக்கிட்டிருக்கணும்" என்றிருக்கிறார். விடுமுறை முடியும்வரை அபாயா பார்சல்களைக் கூரியர் அலுவலகத்துக்குப் பைக்கில் கொண்டுபோனது சாகுல்தான். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே போனவர் ஜைத்தூன். இதை அவர் நமக்குச் சொன்ன அன்று எவ்வளவு சிரித்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி நான் சிரிக்க முடியாத இடங்களுக்கு வருகிறேன்.

ஒரு புத்தாண்டுக் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் இலக்கை ஒரு தாளில் எழுதி உரக்க வாசிக்கச் சொன்னேன். இலக்கு பெரிதாக இருக்க வேண்டும், நமக்கே பயம் வரும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. ஒருவர் வீடு என்றார், ஒருவர் மகனுக்கு மருத்துவப் படிப்பு என்றார். ஜைத்தூன் எழுந்து, "மதியம் சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் படுக்கணும்" என்று வாசித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே, "இது இலக்கு இல்லை ஜைத்தூன், இது ஆசை. பெரிதாக நினையுங்கள்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார். அடித்துவிட்டு வேறு எழுதினார். "கீழக்கரையில ஒரு கடை." கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன்.

கடை வரவில்லை. ஆனால் அந்தத் திசையில் அவர் ஓடத் தொடங்கியிருந்தார். கடைக்கு முன்னால் பெயர் பரவ வேண்டும் என்று ஆர்டர்களைக் கூட்டினார். இந்த நோன்புக் காலத்தில் பெருநாளுக்கென்று வந்த ஆர்டர்கள் மாடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒரு பிற்பகல், பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாடிக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். படியின் நடுவில் நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஜைத்தூன்?"

"தெரியலக்கா. தோள்பட்டையிலருந்து முழங்கை வரைக்கும் ஒரு மாதிரி இழுக்குது. நாள் முழுக்க மெஷின்ல குனிஞ்சு கெடக்கேன்ல, அதாத்தான் இருக்கும். மாடி ஏறுனா மூச்சு அடைக்குது. நோன்பு வேற." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ தப்பைச் சொல்வதுபோல, "இருக்கற ஆர்டர்ல பாதிய வேண்டாம்னு சொல்லிரலாமான்னு பாக்குறேன். மனசே ஓட மாட்டேங்குது" என்றார்.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது மன உறுதி பற்றிய ஒரு புத்தகம். அதன் சாரம் நாக்கு நுனியில் இருந்தது. "இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் ஜைத்தூன். உடம்பு முதலில் பொய் சொல்லும். முடியாது என்று சொல்லும். அதை நம்பாதவர்கள்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள்" என்றேன். நாங்கள் உண்மையிலேயே படியில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

வழக்கமாக ஒரு கேள்வி வர வேண்டிய இடம் அது. எழுதியவருக்குத் தோள் வலித்திருக்கிறதா என்றோ, அவர் வீட்டில் யார் தைத்தார்கள் என்றோ அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரிதான்க்கா" என்றார். மூச்சை இழுத்துவிட்டு மீதிப் படிகளை ஏறினார். நான் பின்னாலேயே ஏறினேன்.

அன்றைக்கு ஏன் அவர் என்னை மறுக்கவில்லை என்று பல வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறுத்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டும். அது இல்லாத ஒருவர் எதிரே நின்றபோது, அவர் சம்மதத்தை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

அதோடு நான் நிறுத்தவில்லை. அந்த வார ஒலிப்பதிவில், "நம் வட்டத்துச் சகோதரி ஒருவர்" என்று பெயர் சொல்லாமல் அவர் கதையைச் சேர்த்தேன். படியில் நின்றதையும், தயங்கியதையும், மீண்டும் ஏறியதையும் சொன்னேன். உடம்பு முதலில் பொய் சொல்லும் என்பதை இரண்டு முறை சொன்னேன், இரண்டாவது முறை கொஞ்சம் நிறுத்தி, அழுத்தி. நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள். நான் இதுவரை அனுப்பியதில் அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பதிவுதான். ஜைத்தூனும் பதில் அனுப்பினார். "என்னையப் பத்தித்தானக்கா? கேட்டுட்டு எங்க பொம்பளைக எல்லாம் என்னையவே பாக்குறாளுக." அவர் குரலில் வெட்கமும் சந்தோஷமும் இருந்தன.

பெருநாள் ஆர்டர் முழுவதையும் அவர் முடித்துக்கொடுத்தார். பெருநாள் கழிந்து சில வாரங்களில், ஒரு காலை நேரத்தில், துணி வெட்டும் மேசைக்கு முன்னால் சரிந்து விழுந்தார். ராமநாதபுரம் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் உடலை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சாகுல் விமானத்தில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஹசீனா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஹார்ட்டுன்னு சொன்னாக ஆன்ட்டி. கை வலி, மூச்சு அடைப்பெல்லாம் முன்னாடியே இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு. இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் போவோம்னு நான் எத்தனையோ தரம் கூப்புட்டேன். உம்மா சிரிப்பாக. 'உடம்பு பொய் சொல்லுது புள்ள, நம்பாத'ன்னு சொல்லுவாக. உங்க ஆடியோவப் போட்டுவிட்டுட்டுத்தான் வேலையே செய்வாக. கடைசி வரைக்கும் தைரியமாவே இருந்தாக ஆன்ட்டி. நீங்க குடுத்த தைரியம்."

அவள் அதை எனக்கு ஒரு பரிசைப் போலக் கொடுத்தாள். என் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஓதுகிற பெண்களோடு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். சுற்றியிருந்தவர்கள் என்னை மதிப்போடு பார்த்தார்கள். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். "நீ டாக்டரா? அவுக சின்னப் புள்ளையா?" என்று கேட்டார். நம் வட்டத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு புத்தக வாக்கியம் யாரையும் கொன்றுவிடாது என்றார்கள். அது உண்மையாக இருக்கலாம். தையல் வேலையில் தோள் வலி வருவது வழக்கம்தான், நோன்பில் களைப்பு வருவது வழக்கம்தான். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவர் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். இந்த வாதங்கள் அத்தனையும் எனக்கே தெரியும். இவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் அந்தப் படியிலேயே போய் நிற்கிறேன். ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு தனக்கு முடியவில்லை என்று சொல்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், படித்த பக்கத்தைப் பார்க்கிறேன்.

அந்தப் பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னிடமிருந்து அழித்துவிட்டேன். மற்றவர்கள் போனிலிருந்து நான் எப்படி அழிக்க முடியும்? திருவாடானையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், அதைக் கேட்டுத் தன் கடை ஆட்களுக்கெல்லாம் அனுப்பியதாக எனக்கே நன்றி எழுதினார். உடனே அவரைக் கூப்பிட்டு, அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், அந்தப் பெண் இறந்துவிட்டார் என்றேன். "அடடா" என்றார். ஆனால் பேச்சு நன்றாக இருக்கிறதே என்றார். நான் வேறொரு பதிவு செய்து அனுப்பினேன். முன்பு சொன்னது தவறு, உடம்பு வலிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், களைப்பு என்றால் படுங்கள் என்றேன். அதைச் சிலர் கேட்டார்கள். யாரும் யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஹசீனாவிடம் போனேன். சாகுல் அதற்குள் அபுதாபி திரும்பிவிட்டிருந்தார். மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளைக் கீழே வரச்சொல்லி உட்கார வைத்தேன். படியில் நின்று அவள் உம்மா என்னிடம் சொன்னதை, பாதி ஆர்டரை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கேட்டதை, நான் சொன்ன பதிலை, ஒன்று விடாமல் சொன்னேன். ஆர்டரைக் குறைக்க அவர் நினைத்தார் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள்.

நான் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நான்தான் கட்டாயப்படுத்தாம விட்டுட்டேன்னு நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டிருக்கேன் ஆன்ட்டி. வாப்பா போன்ல கேக்குறாக, நீ வீட்லதானே இருந்தன்னு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. உங்ககிட்ட அத்தன பெருமையாச் சொன்னேனே, அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? 'நானும்தாம்மா காரணம்'னு ஒரு வார்த்த. ரெண்டு பேருமா அழுதிருக்கலாம்ல."

இதுவரை நான் நினைத்து வருந்திக்கொண்டிருந்தது படியில் சொன்ன வார்த்தையைப் பற்றி. கூடத்தில் சொல்லாமல் விட்ட வார்த்தையைப் பற்றி நினைக்கவே இல்லை. முதலாவது அறியாமல் செய்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது அப்படி அல்ல. பாராட்டு கையை விட்டுப் போய்விடுமே என்று பயந்துதான் அன்று வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சில வாரங்கள் என் பங்கையும் சேர்த்து ஒரு பெண் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

"உங்கப்பாகிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

"பேசுங்க" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலையே சாகுலிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டார். "புள்ளயப் போய்க் கேட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் சத்தம்தான் கேட்டது. வேலைக்கு நடுவில்தான் எடுத்திருக்கிறார். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.

இந்த அஞ்சலியை நான் எழுதலாமா என்று ஹசீனாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எழுதுங்க. ஆனா உம்மாவ ஏமாந்தவுக மாதிரி எழுதிறாதீக. அவுக யாருகிட்டயும் ஏமாந்ததில்ல" என்றாள். அவள் சொல்வது சரி. இங்கே வந்து போன புத்தகங்களில் எத்தனை எழுத்தாளர்களை ஜைத்தூன் ஒற்றைக் கேள்வியில் நிறுத்தி வைத்தார் என்று உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளரைக் கடவுளாக நினைக்கச் சொன்ன புத்தகத்துக்கு, "கடவுளுக்கு அளவெடுக்க வேண்டியதில்ல, வாடிக்கையாளருக்கு எடுக்கணும். அவுகள மனுசியா நெனச்சாப் போதும்" என்றவர். தோல்வியைக் கொண்டாடச் சொன்ன புத்தகத்துக்கு, "துணி வீணாப் போனா நான் அழத்தான் செய்வேன். அழுதுட்டு அடுத்தத வெட்டுவேன்" என்றவர். அவர் புத்தகத்தை நம்பி ஏமாறவில்லை. முடியாமல் நின்ற நேரத்தில் பக்கத்தில் நின்ற தோழியை நம்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும், சில மாதங்களாக நம் வட்டத்துக்கு வரும் ஒரு பெண் என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், நீங்க சொன்னதக் கேட்டுட்டு நான் ஒரு பெரிய முடிவு எடுத்துட்டேன்" என்றார். முன்பெல்லாம் இந்த வார்த்தைகளுக்காகவே நான் ஒவ்வொரு வாரமும் காத்திருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. கடையைப் பூட்ட வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தேன். நானும் எதிரே உட்கார்ந்தேன். என்ன முடிவு, வீட்டில் யார் யார், யாருக்குத் தெரியும், உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, நான் எந்தப் புத்தகத்தையும் எடுத்துக்காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜைத்தூனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான். நான் சொல்வதை ஒருவர் நம்பிவிடுவார் என்ற பயம். அது குறைய வேண்டும் என்று எனக்காக யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம்.